நள்ளிரவுக்குப் பின் தெருவிளக்கு அணைவது ஏன்? இங்கிலாந்தில் கார் ஓட்டும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இருக்கும் ஊரில் இரவு ஒரு மணிக்குத் தெருவிளக்குகள் அணைந்து, காலை ஐந்து மணிக்கு மறுபடி எரியும். பல வருடங்களாக நான் இரவு வேலைக்காரன். அந்த நான்கு மணி நேரத்து இருட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் கார் ஓட்டுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும், கோவிலில் சாப்பாட்டு வரிசையிலும், வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலர் பயத்தில் கேட்கிறார்கள், சிலர் கோபத்தில் கேட்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. "ராத்திரி ஒரு மணிக்கு வீட்டு முன்னால் லைட் போய்விடுகிறது. கரண்ட் கட்டா, பல்பு போச்சா?"

இரண்டும் இல்லை. கவுன்சில் வேண்டுமென்றேதான் அணைக்கிறது. எசெக்ஸ், ஹார்ட்ஃபோர்ட்ஷையர், சர்ரே போன்ற பல கவுன்ட்டிகள் கடந்த பதினைந்து வருடங்களில் இந்த முறைக்கு வந்தன. மாலையில் விளக்கு வழக்கம்போல எரியும், ஆள் நடமாட்டம் குறைந்த பின் அணையும், விடிவதற்கு முன் திரும்ப எரியும். மின்சாரச் செலவும் கார்பன் கணக்கும்தான் முதல் காரணங்கள். ஒளி மாசு பின்னால் வந்து சேர்ந்த காரணம்.

சில ஊர்களில் கோடைக்காலத்தில் அணையும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப் போனதுபோலத் தெரியும். கம்பத்தின் உச்சியில் இருக்கும் ஒளி உணர்கருவி, மாலை இருட்டுக்கும் விடியலுக்கும் நடுவே நள்ளிரவு எது என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. நாம் மார்ச் மாதம் கடிகாரத்தைத் திருப்பிவைப்பது அதற்குத் தெரியாது. மாலை எட்டு மணிக்கே உங்கள் தெரு இருட்டாக இருந்தால் மட்டும் அது பழுது. கம்பத்தில் ஒரு எண் ஒட்டியிருக்கும். அதைக் குறித்து கவுன்சில் இணையதளத்தில் புகார் கொடுங்கள்.

2. "எல்லா விளக்கையுமா அணைப்பார்கள்?"

இல்லை. நகர மையம், பெரிய ரவுண்டானாக்கள், சிக்கலான சந்திப்புகள், சி.சி.டி.வி. உள்ள இடங்கள், இரவு விபத்து நடந்த வரலாறு உள்ள இடங்கள் ஆகியவற்றை வழக்கமாக விட்டுவிடுவார்கள். ஜீப்ரா கிராசிங்கின் இரு பக்கமும் கண் சிமிட்டும் மஞ்சள் உருண்டைகள் எப்போதும் எரியும். எதை விடுவது என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். இந்தப் பட்டியல்தான் முக்கியம். கடைசிக் கேள்வியில் மறுபடி இதற்கு வருவோம்.

3. "கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறோமே. லைட் போடுவது அவர்கள் கடமை இல்லையா?"

சட்டப்படி இல்லை. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 97-ஆவது பிரிவு, சாலைக்கு விளக்குப் போட கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. போட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகள் பெரும்பாலும் என்றைக்குமே விளக்கு பார்த்ததில்லை. மோட்டார்வேக்களிலும் நீண்ட பகுதிகள் அப்படித்தான். நாம் டவுனிலேயே வாழ்ந்து பழகியதால், விளக்கு இருப்பதுதான் இயல்பு என்று தோன்றுகிறது.

4. "இருட்டில் ஆக்சிடென்ட் கூடத்தானே செய்யும்? இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வாரம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஆனால் இந்தக் கேள்விக்கு இந்த நாட்டிலேயே பெரிய அளவில் பதில் தேடியிருக்கிறார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினும் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனும் சேர்ந்து நடத்திய 'லேன்டர்ன்ஸ்' ஆய்வு 2015-இல் வெளிவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 62 உள்ளாட்சிகளின் தெருவிளக்கு மாற்றங்களையும், 2000 முதல் 2013 வரையிலான விபத்துப் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். முழுதாக அணைத்த இடம், பாதி இரவு அணைத்த இடம், மங்கலாக்கிய இடம், வெள்ளை விளக்குக்கு மாற்றிய இடம் என்று நான்கையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். எதிலும் இரவு விபத்துகள் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஏன் கூடவில்லை? கவுன்சில்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அணைக்கவில்லை, இரண்டாவது பதிலில் சொன்ன இடங்களை விட்டுவிட்டுத்தான் அணைத்தன. அந்த நேரத்தில் வண்டிகளும் நடப்பவர்களும் மிகக் குறைவு. என் அனுபவத்தில் இன்னொன்றும் உண்டு: இருட்டான தெருவில் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விடுகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இது மொத்தக் கணக்கு. ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வளைவில் அணைத்தது தவறாக இருந்திருக்கலாம். மொத்தக் கணக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு தனி இடத்தைப் பற்றிய புகாரை யாரும் ஒதுக்கக் கூடாது.

5. "அப்படியென்றால் தெருவிளக்கால் பயனே இல்லை என்கிறீர்களா, அண்ணா?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. நார்வே ஆய்வாளர் ரூனே எல்விக் 1995-இல் பல நாடுகளின் 37 ஆய்வுகளைத் தொகுத்தார். விளக்கில்லாத சாலைக்கு விளக்குப் போட்டால் இரவில் உயிர்போகும் விபத்துகள் சுமார் 65 சதவீதமும், காயம் ஏற்படும் விபத்துகள் சுமார் 30 சதவீதமும் குறைகின்றன என்பது அவர் கண்டது. விளக்கு உயிர் காக்கிறது என்று சொல்பவர்கள் காட்டும் எண் இதுதான். எனக்கும் அதில் மரியாதை உண்டு.

அந்த ஆய்வுகளில் பல 1950-கள் தொடங்கி நடந்தவை. அந்தக் காலக் கார் விளக்குகளை நினைத்துப் பாருங்கள். மேலும் அவை முழு இரவையும் கணக்கில் எடுத்தவை. மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு, பள்ளி விட்டு, கடை விட்டு எல்லோரும் ரோட்டில் இருக்கும் குளிர்கால இருட்டும் அதில் அடக்கம். பாதி இரவுத் திட்டம் அந்த நேரத்தைத் தொடவில்லை. இரவு ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் அணைப்பதால் என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி. அதற்கு 'லேன்டர்ன்ஸ்'தான் நெருங்கிய பதில். நார்வேயிலிருந்தே 1999-இல் வந்த இன்னொரு ஆய்வு, சாலைக்கு விளக்குப் போட்ட பின் ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், கவனத்தைக் குறைத்தார்கள் என்று காட்டியது. வெளிச்சம் தரும் பாதுகாப்பில் ஒரு பகுதியை நாமே வேகமாக மாற்றிச் செலவழித்துவிடுகிறோம்.

6. "லைட் அணைந்துவிட்டால் 30 மைல் லிமிட்டும் போய்விடுமா? ஒருவர் அடித்துச் சொன்னார்."

போகாது. அடித்துச் சொன்னவருக்கு அபராதக் கடிதம்தான் வரும். 1984-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், 200 கஜத்துக்கு மிகாத இடைவெளியில் விளக்குக் கம்பங்கள் இருந்தால் அந்தச் சாலையில் 30 மைல்தான் எல்லை என்கிறது, வேறு பலகை இல்லாதவரை. விளக்கு அமைப்பு இருக்கிறதா என்பதுதான் கணக்கு, அந்த நிமிடம் எரிகிறதா என்பதல்ல. வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் இதே சாலைகளுக்கு 20 மைல். புதிய ஊருக்குள் இருட்டில் நுழையும்போது வேகப் பலகை கண்ணில் படாவிட்டால், ஓரத்துக் கம்பங்களைப் பாருங்கள்.

7. "என் காரில் லைட் தானாகவே எரியும். நான் தனியாக என்ன செய்ய வேண்டும்?"

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 2011 முதல் வந்த புதிய மாடல் கார்களில் பகலிலும் எரியும் சிறிய முன்விளக்கு உண்டு. பல கார்களில் அது எரியும்போது பின்விளக்கு எரியாது. ஆனால் டாஷ்போர்டு பளபளவென்று ஒளிரும், முன்னால் தரையிலும் கொஞ்சம் வெளிச்சம் விழும். விளக்கு எரிகிற தெருவில் அதுவே போதும்போலத் தோன்றும். தெருவிளக்கு அணைந்ததும், பின்னால் வருபவருக்கு உங்கள் கார் ஒரு கறுப்புக் கட்டை.

எனக்கே இது நடந்தது. ஒரு நவம்பர் இரவு, காரை சர்வீஸ் விட்டு எடுத்தபோது சுவிட்ச் 'ஆட்டோ'விலிருந்து மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு மணி தாண்டி, இருட்டான தெருவில் மெதுவாகத் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த வேன் கிறீச்சிட்டு நின்றது. அவர் இறங்கி வந்து, "உங்கள் பின்விளக்கு எரியவே இல்லை, பிரேக் போட்டபோதுதான் தெரிந்தது" என்றார். திட்டவில்லை. அவர் கை நடுங்கியது. அன்றிலிருந்து கிளம்பும் முன் சுவிட்சைக் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. நெடுஞ்சாலை விதிநூலின் (ஹைவே கோடு) 113-ஆவது விதிப்படி, எரிகின்ற தெருவிளக்கு உள்ள சாலையைத் தவிர மற்றெல்லாச் சாலைகளிலும் இரவில் ஹெட்லைட் கட்டாயம். 'எரிகின்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். போன பதிலில் கம்பம் இருந்தாலே போதும் என்றேன், இங்கே விளக்கு எரிய வேண்டும். ஒரு மணிக்கு முன் சட்டம் விட்டுக்கொடுப்பதை, ஒரு மணிக்குப் பின் விட்டுக்கொடுப்பதில்லை.

8. "டிப் லைட்டில் எவ்வளவு தூரம் தெரியும்? அது போதுமா?"

டிப்பில் சுமாராக 40 முதல் 60 மீட்டர் வரை சாலை தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிநூல் சொல்லும் நிறுத்தும் தூரங்கள் இவை: 30 மைல் வேகத்தில் 23 மீட்டர், 40 மைலில் 36 மீட்டர், 60 மைலில் 73 மீட்டர். ஊருக்குள் 30-இல் போனால் பார்த்த பின் நிற்க இடம் இருக்கிறது. நாட்டுப்புறச் சாலையில் டிப் போட்டுக்கொண்டு 60-இல் போனால், நீங்கள் பார்க்கும் தூரத்துக்குள் நிற்க முடியாது. சாலை நனைந்திருந்தால் தூரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கோட்டுப் போட்டு நடப்பவர் இதைவிடக் கிட்டத்தில்தான் கண்ணில் படுவார். எதிரொளிக்கும் பட்டை ஒன்றைக் கையில் கட்டியிருந்தால் பல மடங்கு தூரத்திலேயே பளிச்சென்று தெரிவார். எதிரே வண்டி இல்லாதபோது ஃபுல் பீம் போடுங்கள், நம்மில் பலர் அந்தக் குமிழைத் தொடுவதே இல்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மான்கள் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும். அதைத் தவிர்க்க ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள்.

9. "தெருவில் கார் நிறுத்தினால் பார்க்கிங் லைட் போட வேண்டுமா?"

30 மைல் அல்லது குறைவான எல்லையுள்ள சாலையில், ஓரமாக, சந்திப்பிலிருந்து 10 மீட்டர் தள்ளி, போக்குவரத்து போகும் திசையைப் பார்த்து நிறுத்தினால் வேண்டாம். 30-க்கு மேல் என்றால் வேண்டும். எதிர்த் திசையைப் பார்த்து இரவில் நிறுத்தக் கூடாது: காரின் பின்பக்கச் சிவப்பு எதிரொளிப்பான்கள் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

10. "மோட்டார்வேயில் லைட்டே இல்லை. தரையில் மட்டும் சிவப்பு, பச்சை என்று மின்னுகிறதே, அது என்ன?"

அது பூனைக்கண். யார்க்ஷையரின் ஹாலிஃபாக்ஸ் பக்கத்தைச் சேர்ந்த பெர்சி ஷா 1934-இல் கண்டுபிடித்தது. மின்சாரம் வேண்டாம், உங்கள் ஹெட்லைட்டையே வாங்கி உங்கள் கண்ணுக்குத் திருப்பித் தருகிறது. லேன்களுக்கு நடுவே வெள்ளை. இடது ஓரம் சிவப்பு. வலப்பக்கம், நடுத் தடுப்பை ஒட்டி ஆரஞ்சு மஞ்சள். பிரிந்து போகும், வந்து சேரும் பாதைகளின் ஓரத்தில் பச்சை. மூடுபனியில் இந்த நிறங்களை மனப்பாடமாக வைத்திருப்பவருக்குத் தான் எந்த லேனில் இருக்கிறோம் என்பது தெரியும்.

மோட்டார்வேக்களில் விளக்குப் போட்டிருந்த சில பகுதிகளையும் 2009 முதல் நள்ளிரவிலிருந்து ஐந்து மணி வரை அணைத்துப் பார்த்தார்கள். அங்கே நடப்பவர் இல்லை, எதிரில் வருபவர் இல்லை, கூர்மையான வளைவும் இல்லை. அணைக்க அதைவிடப் பொருத்தமான சாலை கிடையாது. அந்த நேரத்தில் அங்கே பெரிய ஆபத்து தூக்கம். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை பயணத்தைத் தவிர்க்கச் சொல்கிறது விதிநூல். என்னைப் போலத் தவிர்க்க முடியாதவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடமாவது நிறுத்துங்கள்.

11. "அப்பாவுக்கு அறுபத்தைந்து வயது. எதிர் லைட் கண்ணைக் குத்துகிறது என்கிறார். இந்த இருட்டில் அவரை ஓட்ட விடலாமா?"

வயதானால் கண்மணி சுருங்கும், லென்ஸ் மங்கும். அறுபது வயதில் விழித்திரையைச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கூச்சம் அடித்த பின் பார்வை திரும்பவும் நேரம் பிடிக்கும். தெருவிளக்கு அணைந்த தெருவில் எதிர் ஹெட்லைட்டுக்கும் சுற்றியிருக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூடுவதால், அப்பா சொல்வது உண்மை. அணைப்பதால் வரும் நிஜமான கஷ்டங்களில் இது ஒன்று.

எதிர் வண்டியைப் பார்க்காமல் இடது ஓரக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளேயும் வெளியேயும் கண்ணாடியைத் துடைத்து வையுங்கள், டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையில் விற்கும் மஞ்சள் 'நைட் டிரைவிங்' கண்ணாடியை வாங்க வேண்டாம், அது வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வடிகட்டிவிடும். இங்கிலாந்தில் அறுபது வயதுக்கு மேல் கண் பரிசோதனை என்.எச்.எஸ்.ஸில் இலவசம். கண்புரை ஆரம்பித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாமாவோ சித்தப்பாவோ சொன்னால் கேட்பார் என்றால் அவர்களை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

12. "என் மகள் கேர் ஹோமில் வேலை முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு நடந்து வருகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?"

இதைக் கேட்ட அக்காவுக்கு அப்போது என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. காரில் போகிறவனுக்குத் தன் வெளிச்சம் தன்னோடு வருகிறது. நடந்து வருபவளுக்கு அது இல்லை. 'லேன்டர்ன்ஸ்' ஆய்வு குற்றங்களையும் பார்த்தது. அணைத்ததால் குற்றம் கூடியதாக ஆதாரம் இல்லை என்றது. அந்த எண்ணை அவளிடம் சொன்னால் பயம் போகுமா? போகாது. பயத்தால் ஒரு பெண் வேலையை விட்டாலோ டாக்ஸிக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தாலோ, அது எந்தக் குற்றப் பதிவிலும் ஏறாத இழப்பு.

என் கருத்து இது. இரவு வேலை உள்ள இடங்களிலிருந்து, அதாவது மருத்துவமனை, கேர் ஹோம், கிடங்கு, ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து, வீடுகளுக்குப் போகும் முக்கிய நடைபாதை ஒன்றாவது இரவு முழுக்க எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலும் போதும். மற்ற தெருக்களை அணைக்கலாம். பணம் சேமிக்க எல்லா இடத்திலும் ஒரே அளவில் வெட்டுகிற கவுன்சில், இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. கென்ட் கவுன்ட்டி மக்களின் கருத்தைக் கேட்ட பின், எல்.இ.டி.க்கு மாறி, இரவு முழுவதும் எரியவிடும் முறைக்குத் திரும்பியது. ஒருமுறை எடுத்த முடிவை மாற்ற முடியும்.

13. "திருடனுக்கு இருட்டு வசதிதானே?"

தேம்ஸ் வேலி காவல் பகுதியில் பாதி இரவு அணைத்த தெருக்களைப் பற்றி 2022-இல் ஒரு ஆய்வு வந்தது. அணைத்த தெருக்களில் நிறுத்தியிருந்த கார்களிலிருந்து பொருள் திருடுவது குறைந்திருந்தது. காருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் திருடனுக்கும் வெளிச்சம் வேண்டும், டார்ச் அடித்தால் மாட்டிக்கொள்வான். ஆனால் அந்தத் திருட்டில் ஒரு பகுதி பக்கத்தில் விளக்கு எரிகிற தெருக்களுக்கு நகர்ந்திருக்கலாம் என்றும் அதே ஆய்வு எச்சரித்தது. அதனால் இருட்டு காவல்காரன் என்று நினைத்துப் பையை சீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

14. "புகை மாசு தெரியும். வெளிச்சம் எப்படி மாசாகும்?"

தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில் விழும் வெளிச்சம்தான் ஒளி மாசு. மேல் நோக்கிப் போகும் வெளிச்சம் காற்றின் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, ஊருக்கு மேல் ஒரு மங்கல் கூரை போடுகிறது. இங்கே ஒரு கிராமப்புறப் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு பிப்ரவரியும் மக்களை ஓரையன் கூட்டத்துக்குள் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணச் சொல்கிறது. நம் திருவாதிரை இருக்கும் கூட்டம்தான் அது. 2020-இல் எண்ணியவர்களில் 61 சதவீதம் பேருக்குப் பத்துக்கும் குறைவாகவே தெரிந்தன. அடுத்த வருடம், ஊரடங்கில், அது 51 சதவீதமானது. அத்தனை சீக்கிரம் திரும்பி வரக்கூடிய ஒன்றை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். ஆற்றில் கலந்த சாயத்தை எடுக்க வருடங்கள் ஆகும், வானத்துக்கு ஒரு சுவிட்ச் போதும்.

நட்சத்திரம் பார்ப்பவர்களின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். தென் இங்கிலாந்தில் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், விளக்கு எரியும் சாலையோர வேலிச்செடிகளில் அந்துப்பூச்சிப் புழுக்கள், விளக்கில்லாத இடத்தைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தன. ஓரத்துப் புல்லில் 33 சதவீதம் குறைவு. அந்தப் புழுக்கள்தான் வசந்தத்தில் குஞ்சுகளுக்கு இரை. சிறிய லாட வௌவால்கள் விளக்கு எரியும் வேலி வழியே பறப்பதையே விட்டுவிடுகின்றன, தினம் போகும் பாதை அவற்றுக்கு அடைபட்டுவிடுகிறது. நமக்கும் உறங்கும் அறைக்குள் வெளிச்சம் விழுந்தால் தூக்கம் கெடுகிறது.

15. "இப்போது எல்லாம் எல்.இ.டி. கரண்ட் செலவே கம்மி. அப்புறம் ஏன் அணைக்க வேண்டும்?"

செலவு மட்டும் காரணம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன அந்துப்பூச்சி ஆய்வில், பழைய ஆரஞ்சு நிற சோடியம் விளக்கைவிட வெள்ளை எல்.இ.டி.தான் மோசமாக இருந்தது. நீலம் கலந்த வெள்ளை, காற்றில் அதிகம் சிதறும், பூச்சிகளையும் அதிகம் பாதிக்கும். 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 2011-க்கும் 2022-க்கும் இடையே மக்கள் பதிவுசெய்த நட்சத்திரக் கணக்கை வைத்து, இரவு வானத்தின் வெளிச்சம் வருடத்துக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியதாகச் சொன்னது. மலிவாகக் கிடைப்பதால் கூடுதலாக எரிக்கிறோம்.

எல்.இ.டி.யில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. அதை மங்கலாக்கலாம். கம்பம் கம்பமாக, மணிக்கு மணி கட்டுப்படுத்தலாம். 3000 கெல்வின் (விளக்கின் நிறத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்குக் கீழான மஞ்சள் சாயல் விளக்கு, மேலே கசியாத மூடி, நள்ளிரவுக்குப் பின் மங்கல் என்ற மூன்றும் சேர்ந்தால், பன்னிரண்டாவது பதிலில் சொன்ன நடைபாதைகளை முழுக்க அணைக்க வேண்டிய அவசியமே இருக்காது. நான் கவுன்சிலிடம் கேட்பதும் இதைத்தான்.

16. "உலகப் போரில் லைட் அணைத்தபோது ரோட்டில் ஆயிரக்கணக்கில் செத்தார்களே. அதை மறைக்கிறீர்களா?"

மறைக்கவில்லை. 1939 செப்டம்பர் 1 முதல் பிரிட்டனில் இருட்டடிப்பு. 1941-இல் சாலைகளில் 9,169 பேர் இறந்தார்கள். இந்த நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். இன்று பல மடங்கு வண்டிகள் ஓடியும் ஆண்டுக்குச் சுமார் 1,600 முதல் 1,700 பேர்.

ஆனால் அன்று அணைத்தது தெருவிளக்கை மட்டும் இல்லை. கார் ஹெட்லைட்டுக்கும் முகமூடி மாட்டினார்கள். கீற்றளவு வெளிச்சம்தான் தரையில் விழும். சன்னல், கடை எல்லாம் இருட்டு. அதுவும் மாலை முதலே, எல்லோரும் வீடு திரும்பும் நேரத்திலேயே. அதனால்தான் நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்தார்கள், ஊருக்குள் இரவு வேகத்தை 20 மைலாகக் குறைத்தார்கள். அந்த வருடங்கள் எனக்குச் சொல்வது ஏழாவது பதிலில் உள்ளதைத்தான்: வண்டியின் விளக்கு போனால் உயிர் போகும்.

17. "ஊரில் தெருவிளக்கு கேட்டு மறியல் செய்கிறோம். இங்கே வந்து அணைக்கச் சொல்கிறீர்களே, தம்பி?"

ஊரில் மறியல் செய்பவர்கள் பக்கம்தான் நானும். பூனைக்கண் இல்லாத, ஓரக்கோடு அழிந்த, நடைபாதை இல்லாத சாலையில், பின்விளக்கில்லாத டிராக்டரும் மாடும் நடப்பவர்களும் ஒன்றாகப் போகும்போது இங்கிலாந்து ஆய்வை எடுத்துக்கொண்டு போய் அணைக்கச் சொல்வது அநியாயம். அந்த ஆய்வின் முடிவு இங்குள்ள சாலைக்கும், இங்குள்ள நள்ளிரவுக்கும் உரியது.

ஆனால் அளவாக எரிக்க வேண்டிய இடங்கள் அங்கேயும் உண்டு. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். பொரித்த குஞ்சு, வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ஊரும். கரையில் விளக்கு எரிந்தால் அது சாலையை நோக்கி வரும். ஜனவரி முதல் சில மாதங்கள் கரையோர விளக்குகளை அணைக்கச் சொல்லி அவர்கள் கேட்பது அதனால்தான். எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். மேலே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச்சில் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைக் கண்ட இடங்களில் அந்த மலையும் ஒன்று. சின்ன வயதில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால் பால்வீதி தெரியும். என் பிள்ளைகள் அதை இங்கே, ஒரு மணிக்கு விளக்கு அணைந்த பின் பின்வாசலில் நின்றுதான் முதன்முதலில் பார்த்தார்கள்.

18. "எங்கள் தெருவில் ஒரு வளைவு நிஜமாகவே ஆபத்து. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?"

சாலைக்குப் பொறுப்பான கவுன்சிலின் தெருவிளக்குப் பிரிவுக்கு எழுதுங்கள். பெரும்பாலான ஊர்களில் அது கவுன்ட்டி கவுன்சில், லண்டனில் உங்கள் பரோ கவுன்சில். "எல்லா விளக்கையும் போடுங்கள்" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். கம்பத்தின் எண், இடம், எந்த நேரம், என்ன நடந்தது, யார் நடக்கிறார்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது பதிலில் சொன்ன விதிவிலக்குப் பட்டியலில் எந்த வகையில் இந்த இடம் வருகிறது என்று நேராகக் கேளுங்கள். அதே கடிதத்தை உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் அனுப்புங்கள். விபத்து நடந்து காயம் பட்டிருந்தால் போலீஸில் பதிவு செய்யாமல் விடாதீர்கள், பதிவில் இல்லாத விபத்து அவர்கள் வரைபடத்தில் இருக்காது.

முழுக்க எரிய வைக்க மறுத்தால் மங்கலாக எரியக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஓரக்கோடு, எதிரொளிப்புக் கம்பம், வளைவுப் பலகை கேளுங்கள், இவற்றுக்கு மின்சாரமே வேண்டாம். கடிதம் எழுத ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் சனிக்கிழமை பள்ளி முடிந்ததும் வாசலில் நிற்பேன், கம்பத்து எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.